ஸ்டேட்டஸ் வைத்த வாத்தியார்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரும். ஐம்பத்திரண்டு வயதில், முன்தலையில் அறுவடை முடிந்து களத்துமேடு மட்டும் மிஞ்சிய பிறகு, நான் ஒரு வட்ட விளக்கு வாங்கினேன். நடுவில் செல்போனைச் செருகி, முகத்துக்கு நேரே நிறுத்திக்கொண்டு, இளம் பெண்கள் புடவை விற்பார்களே, அந்த விளக்கு. மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்த வேண்டியிருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். ஆங்கிலத்துக்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லை. அது என் முகத்துக்காக வாங்கியது.

“இந்த வெளிச்சத்துல வழுக்க இன்னும் பளிச்சுனு கீது. பசங்களுக்குக் கூலிங் கிளாஸும் சேத்து வாங்கிக் குடுத்துடுங்க” என்றாள் என் மனைவி.

காரணம் இல்லாமல் வாங்கவில்லை. திருப்பதியில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத்தை எப்படிச் சுவையாக நடத்துவது, செல்போனை எப்படிப் பயன்படுத்துவது என்று. நடத்தியவர் என் மகன் வயதுக்காரர். “பில்லலு நவ்வாலி, நவ்வுத்தூ நேர்ச்சுகோவாலி” என்று அரைமணிக்கு ஒரு தரம் சொன்னார். பிள்ளைகள் சிரிக்க வேண்டும், சிரித்துக்கொண்டே கற்க வேண்டுமாம். சிரிக்க வைப்பதில் எனக்கு என்ன பயிற்சி வேண்டும்? கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கே சிரிப்பு வரும். இருந்தாலும் அவர் காட்டிய வீடியோ ஒன்றில், ஒரு வாத்தியார் பளபளவென்று நின்று பேசினார். கீழே ஆயிரக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள். அந்த இதயங்களில்தான் நான் விழுந்தேன்.

எங்கள் பள்ளி ஆந்திர எல்லைக்குள், நகரிக்கும் விஜயபுரத்துக்கும் நடுவே ஓர் ஊரில் இருந்தது. ஒரே கட்டடம், இரண்டு வாசல். இந்த வாசல் தெலுங்கு மீடியம், அந்த வாசல் தமிழ் மீடியம். தெலுங்கு வாசலுக்கு ஒரு தலைமை ஆசிரியை, இரண்டு டீச்சர்கள். தமிழ் வாசலுக்கு நான் ஒருவன்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரே அறையில், வகுப்புக்கு ஒரு பெஞ்சு. சில பெஞ்சில் இரண்டு பேர், சில பெஞ்சில் ஒருவர். ஓர் எண்ணிக்கைக்குக் கீழே போனால் தமிழ் வாசலைச் சாத்திவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். சாத்தினால் பிள்ளைகளைத் தெலுங்கு வாசலில் உட்கார வைப்பார்கள். வாய்ப்பேச்சுக்குத் தெலுங்கு அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஓர் எழுத்து தெரியாது. என்னை எங்காவது மலையோரம் தூக்கிப் போடுவார்கள். தமிழ் காக்கப் புறப்பட்ட வீரன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து வண்டியில் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடும் பள்ளி அது. அதை விட மனமில்லை. பிள்ளைகளையும் விட மனமில்லை. எது முதலில் என்று கேட்டால், மழைக்காலத்தில் வண்டிதான் முதலில்.

ஆக, விளக்கைப் போட்டு, பவுடர் அடித்து, “ஹலோ சில்ட்ரன்” என்று என்னை நானே வீடியோ எடுத்தேன். பள்ளிக்குக் கொடுத்த டிவியில் அதை ஓட்டினேன். டிவியின் ரிமோட் தலைமை ஆசிரியையின் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதை வாங்கி வருவதற்குள் பாதி பீரியட் போய்விட்டது. திரையில் நான் பளபளத்தேன். கையை ஆட்டினேன். பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள்.

இரண்டாம் வகுப்பு பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பவர்லூம் ஓட்டுகிறவர் மகள். தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மெதுவாகப் பேசினால் சோறு கிடைக்காத வீடு அது.

“சார்! நீங்கதான் இங்கயே கீறீங்களே, அப்புறம் எதுக்கு டிவியில வர்றீங்க?”

இந்தக் கேள்வியைத் திருப்பதியில் ஒருவரும் கேட்கவில்லை. விளக்கு அன்றைக்கே பரணுக்குப் போனது.

அவள் கேள்வியால் ஒரு நல்லது நடந்தது. செல்போனை என் பக்கம் திருப்பாமல் பிள்ளைகள் பக்கம் திருப்பினேன். பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் என் போனைக் கொடுப்பேன். சாயங்காலம் ஆளுக்கொரு நாள். பள்ளிக்கூடம், பின்னாலிருக்கும் தெரு, தறி வீடு, கடலைக்கொல்லை, எதை வேண்டுமானாலும் காட்டி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். டிவியில் செய்தி சொல்வது மாதிரி. எடுத்ததை மறுநாள் கையளவு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்போம். தன் குரலைத் தானே கேட்டதும் ஒவ்வொன்றும் நெளிந்த நெளிப்பு இருக்கிறதே! “சார், இது நானில்ல சார்” என்பான் ஒருவன். “நீதான்டா, தவளைக்கு ஜலதோஷம் புடிச்சாப்புல கீது” என்பான் இன்னொருவன். பிடிக்கவில்லை என்றால் மறுபடி எடுக்கலாம் என்றேன். இத்தனை வருஷமாக நான் பத்துத் தரம் எழுதச் சொல்லி எழுதாத பிள்ளைகள், ஒரே வாக்கியத்தைப் பத்துத் தரம் தானாகப் பேசிப் பேசி எடுத்தார்கள். ஆங்கிலம் வந்தது. கொஞ்சம் கோணலாகத்தான், ஆனால் வாயிலிருந்து வந்தது.

பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் வீடியோக்களைப் போட்டேன். பிறகு என் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். நான் வைத்ததைப் பார்த்து அப்பாக்கள் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அதைப் பார்த்து மாமன்களும் சித்தப்பாக்களும் வைத்தார்கள். ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் ஷிப்டுக்குப் போகிற ஒருவர் பஸ் முழுக்கக் காட்டினாராம். யார் யார் பார்த்தார்கள் என்று விடியற்காலையில் பல் விளக்காமல் போனைத் திறந்து பார்ப்பேன். தலைமை ஆசிரியை, “மாஸ்டாரூ, மீரு ஹீரோ அயிப்போயாரு!” என்றார். ஹீரோ ஆகிவிட்டேனாம். நான் தலையைத் தடவிக்கொண்டேன். தடவ முடி இல்லாவிட்டாலும் கை பழக்கத்தில் போகிறது.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்த அன்று, தெருமுனையில் ஒரு மஞ்சள் வேன் நின்றது. டவுனில் இருக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன். அதற்கு முன் அந்த வேன் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. டை கட்டி, ஷூ மாட்டி, என் செய்தியாளர்கள் வரிசையாக ஏறினார்கள். நான் வண்டியை நிறுத்தியதும், “குட் மார்னிங் சார்!” என்று கோரஸாகக் கத்தினார்கள். அதையும் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

என்ன நடந்தது என்பதை டீக்கடையில் சொன்னார்கள். சேர்க்கைக்குப் போன இடத்தில், தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாக்கள் போனை எடுத்து என் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். உடனே சீட். ஒருவனுக்குக் கிடைத்ததும் அடுத்தவர் ஓடியிருக்கிறார். கொஞ்ச நாளில் நகரி பஸ் நிறுத்தத்தில் அந்தப் பள்ளியின் பேனர் ஒன்று பார்த்தேன். என் நான்காம் வகுப்புப் பையன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தவளைக் குரலை முதன்முதலாகக் கேட்ட அன்றைக்குச் சிரித்தது.

மண்டல கல்வி அதிகாரி வந்து பெஞ்சுகளை எண்ணிப் பார்த்தார். நல்ல மனிதர், எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். “இங்கா ஒக்கரு தக்கினா கஷ்டம், மாஸ்டாரூ” என்றார். இன்னும் ஒருவர் குறைந்தாலும் கஷ்டம்.

அந்த ஒருவர் யார் என்று உட்கார்ந்து யோசித்தேன். மிச்சமிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வேன் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எங்கேயும் போக முடியாது. போகக்கூடியது ஒரே பிள்ளை. “நீங்கதான் இங்கயே கீறீங்களே” என்று கேட்டவள். இப்போது மூன்றாம் வகுப்பு. அவள் அப்பா, அவள் வாயில் நைனா, சொந்தமாகத் தறி போட்டிருந்தார். சாயங்காலம் டீ குடிக்க வருவார், தறிச் சத்தத்தில் பழகிய காது, எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

“உம்பொண்ண எங்கியும் மாத்தலயே?” என்று நான் இரண்டு தரம் கேட்டேன்.

“இப்ப எதுக்கு சார்? அதுக்கு இன்னும் இங்கிலீஷ் ஒண்ணும் வரல. இப்ப சேத்தா அங்க முழிச்சிக்கினு நிக்கும். கொஞ்சம் வந்துச்சின்னா அப்புறம் பாக்கலாம். உங்கிளாண்டயே இருக்கட்டும்.”

வந்துச்சின்னா அப்புறம் பாக்கலாம். வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தை பின் சீட்டில் உட்கார்ந்து வந்தது.

அவளுக்கு வந்தது. முதல் வாரத்திலேயே வந்தது. போன் அவள் கைக்குப் போன முதல் நாள் ஆட்டைக் காட்டினாள். “திஸ் இஸ் மை ஆடு. இட் ஈட்ஸ் நூல். இட் இஸ் எ பேட் ஆடு. ஐ லைக் பேட்.” ஆட்டுக்கும் நூலுக்கும் இங்கிலீஷ் மறுநாள் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் தறி வீட்டுக்குள் போய் ஓடுகிற தறி முன்னால் போனை நீட்டினாள். “மிஸ்டர் லூம், வொய் ஆர் யூ ஷவுட்டிங்?” என்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள். தறி டடக் டடக் என்றது. பிறகு போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ரகசியம் மாதிரி, ஆனால் தெருவே கேட்கும்படி, “ஹி இஸ் நாட் லிசனிங். ஹி இஸ் லைக் மை நைனா” என்றாள்.

இருபத்தாறு வருஷ வேலையில் என் வகுப்பிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. தனியாக உட்கார்ந்து நாலைந்து தரம் பார்த்துச் சிரித்தேன். என் மனைவிக்குக் காட்டினேன், அவளும் சிரித்தாள். குழுவில் போடக் கட்டைவிரலை வைத்தேன். எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூசுகிறது. போக வழியில்லாத பிள்ளைகளின் வீடியோவை ஒன்று விடாமல் போட்டேன். பூனையைக் காட்டி “டாக்” என்றவனுக்குக்கூட, “சூப்பர், கீப் இட் அப்” என்று எழுதிப் போட்டேன். அவளுடையதை மட்டும் போடவில்லை. எந்த அப்பா ஃபீஸ் கட்டுவார், எந்த அப்பா கட்டமாட்டார் என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தேன். கடையில் அழுகிய தக்காளியை மேலே அடுக்கி, நல்லதைக் கீழே ஒளித்து வைக்கிற வியாபாரி நான் ஒருவன்தான் இருப்பேன்.

அவள் கவனித்துவிட்டாள்.

“சார், என்னுது எப்ப வரும்?”

“நெட் இல்லமா.”

“அவன்து வந்துச்சே! நைனா போன்ல பாத்தனே!”

“உன்னுது பெருசு. ஏற மாட்டேங்குது.”

“சின்னதா எடுத்தா ஏறுமா சார்?”

“ஏறும் ஏறும்” என்றேன். அப்போதைக்குத் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

அவள் நம்பிவிட்டாள். அடுத்த வாரம் ஆடு மட்டும் வந்தது, நூல் வரவில்லை. அதற்கடுத்த வாரம் கேள்வியைக் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிறியதாக எடுக்கச் சொன்னது அவளுக்குச் சத்தத்தையும் குறைக்கச் சொன்ன மாதிரி கேட்டதோ என்னவோ, குரலும் இறங்கியது. “எந்திரிச்சி கத்திப் பேசுடி” என்று பக்கத்துப் பெஞ்சுக்காரன் கிண்டல் பண்ணுகிற அளவுக்கு இறங்கியது. சங்கராந்திக்குப் பிறகு அவள் எடுத்தது ஒரே வாக்கியம். “திஸ் இஸ் மை ஹவுஸ்.” அதைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று கேட்கிற மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்துவிட்டாள். அதையும் நான் போடவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பரீட்சை முடியட்டும், சேர்க்கை சமயம் தாண்டட்டும், ஜூன் எண்ணிக்கை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடலாம், அவளுக்கென்று தனி விழாவே எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன். வட்ட விளக்கே சாட்சி.

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் நாள் அவள் அப்பா வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை.

“டி.சி. குடுங்க சார்.”

எனக்குக் காது அடைத்தது. இந்த முறை அவர்தான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

“இன்னாப்பா இது? இங்கிலீஷ் வந்தாதான் மாத்துவேன்னு சொன்ன?”

“எங்க சார் வந்துச்சி? எல்லார் பசங்களும் போன்ல பேசுது. பூனைய நாய்னு சொல்றவன்கூட வந்துட்டான். எம்பொண்ணு ஒரு தபா வரல. அவங்கம்மா தெனிக்கும் போனத் திறந்து பாத்துட்டு, நம்ம புள்ளைக்கு வரல போல, சார் சங்கடப்பட்டுக்கினு சொல்லாம கீறாருன்னு ஒரே அழுவ. இதுவும் முன்னமாரி இல்ல. ஊட்ல வாயத் தொறக்கறதே இல்ல. தறிய நிறுத்திட்டு காது குடுத்தாதான் கேக்குது. உங்க மேல தப்பு இல்ல சார். அங்க போட்டுப் பாக்கறேன். கடன உடன வாங்கி சேத்துட்டேன்.”

உங்க மேல தப்பு இல்ல என்று அவர் சொன்னதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. இப்போது நான் வேலை செய்யும் ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போகும் வழியில் கார்வேட்டிநகரம் தாண்டியதும் ஜன்னலோரம் தூக்கம் வரும், அந்த வாக்கியம் எழுப்பிவிடும். அந்தத் தமிழ் வாசலில் இப்போது சத்துணவு முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கிறார்களாம். பூனையை டாக் என்றவன் தெலுங்கு வாசலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ எழுதப் பழகுகிறானாம். தலைமை ஆசிரியை போனில் சொன்னார். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, டி.சி. எழுத வேண்டிய பேனா மூடியைத் திறக்காமல், நான் கடைசி முட்டாள்தனத்தைச் செய்தேன்.

போனை எடுத்தேன். “யாருக்கு வரல? இங்க பாரு” என்றேன்.

ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆடு. நூல். கெட்ட ஆடு. அவர் போனைக் கையில் வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்க மறுபடி முன்னால் நீட்டி, மாற்றி மாற்றித் தவித்தார். தறி வீடு வந்தது. அவர் தறி, அவர் நூல், அவர் பனியன் கொடியில் தொங்கியது. “மிஸ்டர் லூம், வொய் ஆர் யூ ஷவுட்டிங்?” என்றது அவர் மகளின் பழைய குரல். வாசலில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தவள் தன் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். நெளியவில்லை. சும்மா பார்த்தாள்.

“நைனான்னு இன்னாவோ சொல்லுதே, இன்னா சார் அது?”

“தறி எங்க நைனா மாரி, நாம சொல்றத கேக்கவே கேக்காதாம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மறுபடி ஒரு தரம் ஓட்டச் சொன்னார். நான் ஓட்டினேன். அந்த முகத்தைப் பார்த்து எனக்குள் ஒரு நம்பிக்கை எழுந்து உட்கார்ந்தது. இனி பயமில்லை, டி.சி. கேட்டதையே மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

“பாத்தியா? எல்லாம் இந்த ரூம்ல, எங்கிட்ட கத்துக்கினது. உம்பொண்ணுக்கு நான் ஒரு கொறையும் வெக்கல. எண்ணிக்க கொறஞ்சா இந்த வாசல சாத்திடுவாங்கன்னு பயந்து போடாம வெச்சிருந்தேன், அவ்ளோதான். இன்னும் ரெண்டு வருசம் இங்கயே இருக்கட்டும்பா. இவ்ளோ நல்லா பேசறவள எதுக்கு மாத்தணும், சொல்லு?”

அவர் போனை என் மேஜை மேல் பத்திரமாக வைத்தார். டி.சி. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“இத அப்பவே போட்டிருந்தா, நடு வருசத்துலயே அங்க சேத்திருப்பேன் சார்.”